கெ என்று தட்டினால்

காலை ஐந்து இருபது. ஓகித் தீவு, படகுத்துறை அலுவலகம்.
மண்ணெண்ணெய் அடுப்பு இன்னும் சூடேறவில்லை.
கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவைத்திருக்கிறேன்,
விசைப்பலகைக்காக.

அலை நாலரை மீட்டர் என்கிறது வானிலை.
கே, ஈ. இரண்டே விசை.
திரையில் 'கெ' விழுந்ததும்
முழுச்சொல்லையும் நீட்டுகிறது கணினி:
கெக்கோ. படகு இல்லை.
டேப். என்டர்.
மூன்று மாதமாக இதையே கேட்டுப் பழகிய நாய்
செருப்பைக் கவ்விக்கொண்டு வந்து நிற்பதுபோல.

கெக்கோ என்ற ஓசைக்குள் பல குடித்தனம்.
படகு இல்லை என்பது கெக்கோ:
அதன் இரண்டாம் எழுத்தில் ஒரு சிறு படகு
இடது ஓரமாகக் கட்டிக் கிடக்கும்.
என்ன வந்தாலும் நடத்தியே தீருவோம் என்பதும் கெக்கோ:
அங்கே இடது ஓரத்தில் மூன்று துளி நீர்.
நன்று என்பதும் கெக்கோ,
தேநீர்க் கோப்பையின் மேல் கையை வைத்துச் சொன்னால்
வேண்டாம் என்பதும் அதே கெக்கோ.
உடம்பில் ரத்தம் ஓடுவதற்கும் அதுதான் பெயர்,
மருந்துக்கடைக்காரர் வெந்நீர்ப் பை விற்கும்போது சொல்வார்.

போன வருஷம் ஜனவரியில், அவசரத்தில்,
இடைவெளி விசையை ஒருமுறை கூடுதலாகத் தட்டிவிட்டேன்.
'முதல் படகு, என்ன வந்தாலும் புறப்படும்'
என்று போயிற்று அறிவிப்பு.
பனியில் நாற்பத்தொரு பேர்.
ஒரு பெட்டி உயிர் நண்டு.
பல்வலியோடு ஒரு பள்ளி ஆசிரியர்.
மேலாளர் நோட்சு கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.
கப்பலே கவிழ்ந்தாலும் அப்படி உட்காரக் கூடாது,
மன்னிப்பை ஒற்றைக் கையால் தட்ட வேண்டி வரும்.

அதன் பிறகுதான் குறுக்குவழிகள் பதிந்தேன்.
'மோ' என்றால்:
தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு ஆழ்ந்து வருந்துகிறோம்.
'ட்சு' என்றால்:
அடுத்த தகவல் பதினொரு மணிக்கு.
எஃப் ஏழைத் தொட்டால் சொல் முழுதும்
கதாகானா உடுப்புக்கு மாறும்.
வேண்டாத கணிப்பின் மேல் நின்று
கன்ட்ரோலையும் டெலீட்டையும் சேர்த்து அழுத்தினால்
கணினி அதை மறந்துவிடும்.
மூன்று துளிக் கெக்கோவை அப்படித்தான்
கணிப்பு வரிசையிலிருந்து கடலில் தள்ளினேன்.
சுட்டியைத் தேடி என் கை போவதே இல்லை.
ஆழ்ந்து வருந்த
இப்போது எனக்கு நாலு விசை போதும்.

நேற்று இரவு, இதே கணினியில், நகிஸாவுக்கு எழுதினேன்.
மூன்று வருஷம் பக்கத்து ஜன்னலில் டிக்கெட் கிழித்தவள்.
மாட்சுயே போய்விட்டாள்,
அங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கும் அவளுக்கும்
வசந்தத்தில் கல்யாணம்.
கல்யாணம் என்றால் கெக்கொன்.
அதுவும் கெ-யில்தான் தொடங்குகிறது.
கை என்னைக் கேட்கவில்லை.
டேப். என்டர். அனுப்பு.

'உன் படகு ரத்தானதற்கு மனமார்ந்த வாழ்த்துகள்.'

கன்ட்ரோலோடு பேக்ஸ்பேஸ் சேர்ந்தால்
உறுதியாகிவிட்ட சொல்லைக்கூட
மறுபடி இளக்கித் தரும்.
அனுப்புவதற்கு முன்னால் என்றால்.

பதினொன்றரைக்குப் பதில் வந்தது.
நாலே எழுத்து.
சித்திர எழுத்துக்கு மாற்றாமல்,
இடைவெளி விசையைத் தொடாமல்,
விரல் விட்ட இடத்தில் விட்டபடி வெறும் ஹிரகானா:
கெக்கோ.

சிரித்தாளா?
போதும், வேண்டாம் என்கிறாளா?
அவளும் இங்கே பழகிய கைதானே,
அவளுக்கும் கல்யாணம் என்று தட்டினால் படகு நிற்குமோ?
அந்த நாலு எழுத்தை நானே தட்டிப் பார்த்தேன்.
முதலில் கட்டிப்போட்ட படகு வந்தது.
பிறகு நன்று.
பிறகு ரத்த ஓட்டம்.
மூன்று துளி நீர் வரவில்லை.
நான்தானே தள்ளிவிட்டேன்.

இப்போது பத்து ஐம்பது. அலை மூன்று மீட்டர், இறங்குகிறது.
நோட்சு தொலைபேசியில் கேப்டனோடு பேசுகிறார்,
முதுகு மட்டும்தான் தெரிகிறது.
கண்ணாடிக்கு வெளியே ஒன்பது பேர், ஒரு சைக்கிள்.
முழுதாகத் தட்டி வைத்திருக்கிறேன் சொல்லை.
அதன் அடியில் இன்னும் புள்ளிக்கோடு.
கட்டைவிரல் இடைவெளி விசையின் மேல்.